அண்ணியின் வெறும் வயிறு

சோயா பால் காய்ச்சும் அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். முதலாளி அவளுடைய நாத்தனார். நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டு வேலைக்காரர்களும், கடைசியில் பாட்டில் வாங்க வரும் கடைக்காரர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். இரண்டு வருடமாக, முதுகுக்குப் பின்னால், தூங்குமூஞ்சி அண்ணி.

காலை ஐந்தரைக்கு முதல் கொப்பரை பொங்கும். அரைத்த சோயாவை அடிபிடிக்காமல் துடுப்பால் கிண்டி, பச்சை வாடை போகக் காய்ச்சி, துணியில் வடிகட்ட வேண்டும். வாடை போயிற்றா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அண்ணியின் நாக்கு. கொப்பரைக்கு அரை டம்ளர். அவள் தலையாட்டாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போகாது. பதினோரு வருடத்தில் கெட்ட வாடை என்று ஒரு கடையிலிருந்தும் பால் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதில் இருந்தது அவளுக்கு?

மாதவிலக்கு நின்ற வருடமே தைராய்டும் வந்து ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் மாத்திரையின் அளவு ஏறியதே தவிர, அசதி இறங்கவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. துடுப்பைப் பிடித்தபடியே கண் சொருகியது. போன வாரம் ஒரு கொப்பரைப் பால் முழுக்க அடிபிடித்துக் கருகிப்போனது.

நாத்தனார் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"முதல் தேதியிலேர்ந்து அடுப்புக்கு வேற ஆள் வருது அண்ணி. நீங்க மூடி போடுற பக்கம் உக்காந்துக்குங்க."

"சரி" என்றாள் அண்ணி. "என்னன்னே தெரியல, சோம்பேறி ஆயிட்டேன்" என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? பக்கத்துத் தையல்கடை அக்கா, "சோயாவுல பொம்பளை ஹார்மோன் இருக்காம். உடம்பு நெருப்பா எரியுதுங்கிறியே, நல்லா குடி, அடங்கிடும்" என்றாள். புருஷன் அப்படியே தலைகீழ். "அந்த ஹார்மோன்தான்டி உன்னை இந்தப் பாடு படுத்துது" என்று சொல்லிவிட்டு, அன்று முதல் தன் மீசைக்குப் பயந்து அவர் சோயா பால் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். அதே பாலை வேனில் ஏற்றிக் கடைகடையாகப் போட மட்டும் அவருக்குப் பயமே இல்லை.

முதல் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் டாக்டரம்மாவிடம் அதையே கேட்டாள்.

"செடியில இருக்கறது நம்ம ஹார்மோன் சாயல்தான், ஆனா ரொம்ப வலு கம்மி" என்றார் அவர். "சிலருக்கு உடம்புச் சூடு கொஞ்சம் குறையும், சிலருக்கு ஒண்ணும் தெரியாது. சாப்பாடா சாப்பிட்டா பயப்பட வேண்டியதில்ல. நீங்க எவ்வளவு குடிப்பீங்க?"

"குடிக்கிறதே இல்லீங்க. ருசிதான் பாப்பேன்."

"எப்போ?"

"முதல் கொப்பரை இறங்கினதும். மாத்திரையைக்கூட அதோடதான் முழுங்குவேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வெறும் வயித்துலதான் போடுறேன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னீங்களேம்மா!"

"வெறும் வயிறுதாங்க. அதுக்கு முன்னாடி பல்லுல பச்சைத் தண்ணி பட்டிருக்காது. ருசி பாக்கறது சாப்பாடு இல்லையே, வேலை."

டாக்டரம்மா விளக்கினார்: சோயா அந்த மாத்திரையை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது வேண்டும். அவள் வேலைக்குக் காலை ஒத்துவராது. ராத்திரி சாப்பாட்டை முன்கூட்டியே முடித்து, மூன்று மணி நேரம் விட்டு, தண்ணீரோடு போடட்டும். மாத்திரை இனிச் சரியாகச் சேரும் என்பதால் ஏற்றிய அளவையும் குறைத்து எழுதினார். ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்கலாம்.

"அப்போ நான் சோம்பேறி இல்லையா?" என்றாள் அண்ணி.

"யாரும்மா சொன்னது அப்படி?"

யார் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் பதில் சுலபம்.

பட்டறைக்கு வந்து நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அண்ணி?"

அண்ணிக்கு வந்ததே கோபம். பதினோரு வருடத்தில் அந்தப் பட்டறை கேட்டிராத குரல். "சொன்னேனே! முடியல முடியலன்னு ரெண்டு வருஷமா வேற என்ன சொன்னேன்? நீ கேக்கல, உங்க அண்ணன் கேக்கல. சோம்பேறின்னீங்க, நானும் ஆமாமான்னு தலையாட்டினேன். எனக்கே என் மேல நம்பிக்கை இல்லாமப் போச்சே!"

துணி பிழிந்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாத்தனார் போனை எடுத்து, புது ஆளிடம் வர வேண்டாம் என்று சொன்னாள். "உடம்பு தேறுற வரைக்கும் அடுப்பை நான் பாத்துக்கறேன். நாக்கு மட்டும் நீங்க குடுங்க. நீங்க சோம்பேறி இல்ல அண்ணி. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

எத்தனையோ நாள் ஏங்கிய வார்த்தை. சந்தோஷப்பட வேண்டும் என்று அண்ணிக்கும் தெரிந்தது. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.