ஜாடியில் ஒரு பன்னீர் ரோஜா

ராஜபாளையத்தில் ஜப்பானிய முறையில் பூ அடுக்கக் கற்றுத்தரும் வகுப்புக்கு, வீட்டிலிருந்து ஏதாவது பீங்கான் பாத்திரம் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டீச்சர். நான் பழைய ஊறுகாய் ஜாடியை எடுத்துப்போனேன். எத்தனையோ முறை கழுவியது. ஆனாலும் தண்ணீர் ஊற்றியதும் அடியிலிருந்து நார்த்தங்காய் வாசம் மெல்ல எழுந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அது என் அத்தையின் ஜாடி. மாமா இறந்தபின் வெறும் நெற்றியோடு எங்களிடம் வந்து இருந்தவள். காலையில் ஒரே ஒரு பன்னீர் ரோஜாவை நீளக் காம்போடு கிள்ளி, அதில் நிறுத்தி, ஜன்னலில் வைப்பாள்.

"சாமிக்கு வைக்காம ஜாடியில எதுக்குத்தா வைக்கிற?" என்பார் அப்பா.

"செத்த நேரம் இருந்துட்டுப் போவட்டும்ணே."

பிறகு ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, எதிர்ச்சுவர்க் கண்ணாடியைப் பார்த்தபடி ஈரத்தலையை வாருவாள். கொஞ்சம் இடப்பக்கம் நகர்வாள். அப்புறம் வெகுநேரம் அசையமாட்டாள். ஒருநாள் அவள் தோளில் சாய்ந்துகொண்டு நானும் கண்ணாடியைப் பார்த்தேன். ரோஜா அவள் கூந்தலில் இருந்தது.

"பூ யாரைப் பார்த்து இருக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்றார் டீச்சர்.

நான் அந்த அறையில் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தேடினேன்.