பெட்டி ஐஸும் பல்லு ஊசியும்

எங்க வூட்டுக்காரருக்குக் கெளுத்தி முள்ளு குத்துனாகூட சத்தம் வராது. முள்ளு கையில ஒடஞ்சு நிக்கும், அவரு பாட்டுக்கு வலைய இழுத்துகினு இருப்பாரு. அதே ஆளு, பல்லு டாக்டரு ஊசிய எடுத்ததும், கழுத்துல மாட்டுன துணியோட எழுந்து ரோட்டுக்கு ஓடுனாரு. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டே வேடிக்க பாத்துது. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். கரையில மீன் ஏலம் எடுக்குற பொம்பளைங்க கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். என் வாய் அப்படி.

ரெண்டே நாள்ல கடவாய்ப் பல்லு சீழ் வச்சு கன்னம் வீங்கிடுச்சு. கஞ்சித் தண்ணிதான் உள்ள எறங்குச்சு. டாக்டரு மாத்திரை குடுத்து வீக்கத்தைக் கொறச்சாரு. ஆனா பல்லை எடுக்காம வுட்டா திரும்ப வீங்கும், கழுத்துக்கு எறங்குனா உயிருக்கே ஆபத்துன்னாரு. இவரோ, செத்தாலும் ஊசி வேணாம்னு படுத்துக்கினாரு.

அப்பத்தான் ஒரு யோசன வந்துச்சு. ஐஸ் பெட்டியில கைய வுட்டு மீன் பொறுக்குனா, கொஞ்ச நேரத்துல வெரல் மரத்துடும். முள்ளு கிழிச்சது வூட்டுக்குப் போயித்தான் தெரியும். வாயும் அதே மாதிரி மரத்துட்டா? கெஞ்சிக் கூத்தாடி அவரக் கெளப்புனேன். மீன் பெட்டியிலேர்ந்து ஒரு துண்டு ஐஸை ஒடச்சு வாயில அடக்கிக்கச் சொல்லி, பின்னாடி உக்கார வச்சு, நானே ஈசிஆர்ல வண்டி ஓட்டிக்கினு போனேன்.

வாயத் தொறந்ததும் டாக்டரு மூஞ்சியத் திருப்பிக்கினாரு. "என்னம்மா, மீன் வாசன வருது?"

சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கினேன். சீழ் கட்டுன எடத்துல மீன் பெட்டி ஐஸை வைப்பியான்னு கத்துனாரு. ரெண்டு தடவ கொப்புளிக்க வச்சாரு. அப்புறம், "ஐஸ் வச்சா வலி கொறையும்ங்கறது சரிதான்"னு சொல்லி, தன் பிரிட்ஜிலேர்ந்து சுத்தமான ஐஸ் எடுத்து ஊசி போடுற எடத்துல வச்சாரு. மரத்துப்போற மருந்துக் குப்பிய உள்ளங்கையில மூடி சூடு காட்டுனாரு; ஜில்லுன்னு எறங்குனா வலிக்குமாம். "வலிச்சா இடது கையத் தூக்குங்கண்ணா, அப்பவே நிறுத்திடறேன்."

இவரு மூணு வாட்டி தூக்குனாரு. மூணு வாட்டியும் டாக்டரு நிறுத்துனாரு, மூஞ்சி சுளிக்கல. கன்னத்த லேசா ஆட்டிக்கினே சொட்டு சொட்டா மருந்த எறக்குனாரு. பல்லு வந்ததே இவருக்குத் தெரியல. எப்ப புடுங்குவீங்கன்னு ஜாடையில கேட்டாரு.

திரும்பி வரும்போது, சதுரங்கப்பட்டினம் வளைவுல வண்டிய நிறுத்தச் சொன்னாரு. பஞ்சைக் கடிச்சுக்கினே, வாய் ஒரு பக்கம் கோணிக்கினு சொன்னாரு.

"அந்தாண்டப் பக்கம் ஒரு பல்லு கீது. அடுத்த வாரம் அதையும் காட்டிடலாம்."

"எப்பலேர்ந்து வலிக்குது?"

"ஒரு வருஷமா."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

அவரு ரோட்டையே பாத்துகினு இருந்தாரு. "சொன்னா நீ சிரிப்ப."

ஒரு வருஷமா மனுஷன் ஒரு பக்கமாவே மென்னு தின்னுகினு இருந்திருக்காரு. எதிர்ல உக்காந்து சோறு போட்டவ நான்.