கட்டைக்கு நல்ல தண்ணீர்

அழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்து ஆற்றில் தண்ணீர் விடவேண்டிய ஊரில் பிறந்து, கடலுக்கடியில் தொல்லியல் படிக்கப் போனவள் நான். பழங்காநத்தத்தில் எங்கள் தெருவே சிரித்தது. "கடலுக்குள்ள கீழடி தோண்டப் போறியாக்கும்?" என்று மளிகைக்கடை அண்ணன் கேட்காத நாளில்லை. எனக்கும் வீம்பு ஏறிவிட்டது.

போன கோடை விடுமுறைக்கு வரும்போது, கடலில் மூழ்கிக் கிடந்த மீன்பிடி வள்ளத்தின் பலகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். புதையலெல்லாம் இல்லை, பயிற்சிக்குத்தான். கடலில் கிடந்த மரத்தை அப்படியே காயவிட்டால் விரிசல் விட்டு உருக்குலைந்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் உப்பு இறங்கும். எங்கள் வீட்டு போர் தண்ணீரோ பருப்புகூட வேகாத உப்பு. அதனால் குழாயில் வரும் குடிதண்ணீரைப் பிடித்துப் பலகை கிடந்த தொட்டியில் ஊற்றினேன். அம்மா முணுமுணுத்தார். படிப்பு என்றதும் அடங்கிவிட்டார்.

குழாயில் சில நாட்களாகத் தண்ணீர் வராத ஒரு மதியம், மாடிவீட்டு அக்கா வெறுங்குடத்தோடு வந்தார். அவருடைய மாமனாரை அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள்.

"ஒரு குடம் நல்ல தண்ணி இருந்தாக் குடு தாயி. மாமாவுக்குக் கஞ்சி வைக்கணும். கேன்காரன் போனை எடுக்க மாட்டேங்குறான்."

சமையலறையில் ஒரு குடம் இருந்தது. சாயங்காலம் தொட்டியில் மாற்றுவதற்காக நான் எடுத்துவைத்தது.

"இல்லையேக்கா" என்றேன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதற்குள் உள்ளேயிருந்து அம்மா அந்தக் குடத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். "இந்தா இருக்கே. இவ அந்தக் கட்டைக்கு ஊத்த வச்சிருந்தா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. முற்றத்துத் தொட்டியை எட்டிப்பார்த்தார்.

"இதுல உசுரு ஏதும் இருக்கா தாயி?"

"இல்லக்கா."

எங்கள் குடத்திலிருந்து பாதியைத் தன் குடத்தில் ஊற்றிக்கொண்டார். "இம்புட்டுப் போதும். உன் கட்டைக்கும் வேணும்ல" என்றார். குத்திக்காட்டியிருந்தால் பட்டுக்கொண்டு போயிருப்பேன். அவர் மெய்யாகவே சொன்னார். நான் இல்லையென்று சொல்லியிருந்தது அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, குடத்தில் இருந்த மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு நான் மாடி ஏறினேன். உள்ளே, "ஆறிருச்சு மாமா, குடிங்க" என்று அக்காவின் குரல் கேட்டது. எந்த முகத்தோடு கதவைத் தட்டுவது? குடத்தை வாசலில் வைத்துவிட்டு, சத்தம் கேட்காமல் இறங்கி வந்துவிட்டேன்.