விரால் வாயில் ஒரு முள்

கழிவு நூல் ஒரு பிடி வேண்டும் என்று என் சின்ன மகள் தறிக்கூடத்து வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றாள். கையில் ஒரு சோளத்தட்டை. தறி ஓடுகிற சத்தத்தில் அவள் சொன்னது காதில் விழவில்லை. வாய் அசைவதைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். எங்களுக்கு அது பழக்கம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கீழே கிடந்த பாவு நூலை அள்ளிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடினாள். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், நான் அதே கூடத்தில் ஊடை நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுகிறேன். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. பேசியதை எல்லாம் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

அந்த வருசம் ஐப்பசியில் நல்ல மழை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஒரு கண்மாய் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அதைக் கருவேலங்காடாகத்தான் அவள் பார்த்திருக்கிறாள். என்னோடு அதற்குள் விறகு பொறுக்கியிருக்கிறாள். மேலே இருக்கிற கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து இதுவும் நிறைந்துவிட்டது என்று சொல்லி, அவள் அப்பா சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கரையில் யாரோ தூண்டில் போட்டு ஒரு கெண்டையைத் தூக்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. மீன் எங்களுக்கு என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கிற பொருள். அவளுக்கு அது வேறு என்னவோவாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கீழே நின்றுகொண்டு கம்பைப் பிடித்து இழுக்கிறது. அது யார் என்று பார்க்க வேண்டும். அப்படித்தான் சொன்னாள்.

நூல் வாங்கிப் போன மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, மீனு புழுவ விட்டுட்டு நூலத் திங்குது." வீட்டுக்காரர் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "கஞ்சி போட்ட பாவு நூலு. திங்காம என்ன செய்யும்? நல்லா விருந்து வச்சிருக்க போ" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அவள் சிரிக்கவில்லை. நூலை வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துக் கொடியில் காயப் போட்டாள். அடுத்த நாள் சோளத்தட்டை முறிந்தது. கரையோரக் கருவேலங்காட்டில் நேராக ஒரு கம்பு தேடினாள். கருவேலத்தில் நேர்க் கம்பு கிடைப்பது லேசில்லை. கை முழுக்கக் கீறலோடு ஒன்று கொண்டுவந்தாள். பிறகு நூல் நைந்து அறுந்தது. அவள் அப்பா கடையில் நைலான் நரம்பும் தூண்டில் முள்ளும் வாங்கி வந்து அவள் பைக்கட்டின் மேல் வைத்தார்.

எங்கள் பக்கத்து மண்ணைக் கொத்தினால் மண்வெட்டிதான் மழுங்கும். புழு கிடைக்காது. தெருவில் அடிபம்புத் தண்ணீர் வழிந்து நிற்கிற இடத்தில் மட்டும் உண்டு. அங்கே தோண்டித் தோண்டிக் குழியாக்கித் தெரு முழுக்கத் திட்டு வாங்கினாள். ஒருநாள் கெளுத்தி குத்தி வலது கை வீங்கிவிட்டது. இனிமேல் போகாதே என்றேன். சரி என்றாள். வீக்கம் வடிவதற்குள் மறுபடியும் கம்பைத் தூக்கினாள். "இன்னொரு கை சும்மாதானம்மா இருக்கு" என்றாள். அதற்கு மேல் நான் தடுக்கவில்லை. நாத்தனார் எதிர்வீடு. அவர் விடவில்லை. "பொம்பளப் பிள்ள கம்பத் தூக்கிட்டுக் கண்மாய்க்குப் போகுது. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவுக கேட்டா என்ன சொல்லுவ?" என்றார். மீன் பிடிப்பாள் என்று சொல்வேன் என்றேன்.

மாசியில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. அப்போதுதான் அந்த விராலைப் பார்த்திருக்கிறாள். மடைக்குப் பக்கத்தில் மூச்சு விட மேலே வந்து போகிறது, தலை பாம்பு மாதிரி இருக்கிறது என்றாள். நீளம் எவ்வளவு என்று கேட்டதற்குத் தன் கையைத் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் தொட்டுக் காட்டினாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கெண்டையும் இல்லை, கெளுத்தியும் இல்லை. சின்ன மீனை உயிரோடு முள்ளில் கோத்துப் போட்டுவிட்டு, அந்த மடைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டால் அங்கே. லீவு நாளென்றால் காலையிலிருந்து அங்கே. விரால் மேலே வந்தது, மூச்சு விட்டது, போனது. முள் பக்கம் திரும்பவில்லை.

பங்குனியில் ஒரு ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கண்மாய் அழிக்கிறார்கள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊரில் நாள் வைத்து, எல்லாரும் கூடையும் வலையுமாக ஒரே நேரத்தில் உள்ளே இறங்கி, இருக்கிற மீனை எல்லாம் பிடித்துக்கொண்டு போவதற்கு அப்படிப் பெயர். அவ்வளவு பேர் இறங்கினால் விரால் யார் கூடைக்காவது போய்விடும். கண்மாய் இனி எந்த வருசம் நிறையும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் அவள் அதைப் பிடித்தாக வேண்டும். சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரர் என்னிடம், "நீ கூடப் போ. தார நான் யாரையாச்சும் சுத்தச் சொல்றேன்" என்றார்.

போய் உட்கார்ந்தேன். மதியம் வரைக்கும் தக்கை அசையவில்லை. அவள் மயில் இறகுத் தண்டில் செய்த தக்கை அது. வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டுக்குப் போவோமா என்று கேட்க வாயைத் திறந்தேன். தக்கை காணோம். கம்பு வளைந்தது. அவள் கத்தவில்லை. எழுந்து நின்று கம்பைப் பிடித்தபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தாள். தண்ணீர் கலங்கியது. கரைக்குப் பக்கத்தில் அதன் முதுகைப் பார்த்தேன். கறுப்பு. அவள் சொன்ன நீளத்தில் பொய் இல்லை. நான் கை நீட்டுவதற்குள் கம்பு நிமிர்ந்துவிட்டது. அவள் மல்லாக்க விழுந்தாள். நரம்பை இழுத்து நுனியைப் பார்த்தோம். அறுந்தால் நுனி வெட்டினதுபோல இருக்கும். இது சுருண்டிருந்தது. "அறுகலம்மா. அவுந்திருச்சு" என்றாள். அவள் போட்டிருந்தது எங்கள் முடிச்சு. தறியில் இழை அறுந்தால் நாங்கள் போடுகிறது. பார்த்துப் பார்த்தே பழகியிருந்தாள். பஞ்சு நூலில் போட்டால் இறுகிக் கிடக்கும். சின்ன மீன்களுக்கு நைலானிலும் தாங்கியிருக்கிறது. பெரிய மீன் இழுத்தால் வழுக்கும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை. அவள் அழவில்லை. வழி முழுக்க ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். "என் முள்ளு அது வாயில இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் துண்டு வீசியதும் இறங்கினார்கள். கண்மாய் சேறாகக் கொதித்தது. இவள் இறங்கவில்லை. கரையில் நின்று, விரால் கொண்டு வருகிற ஒவ்வொருவரையும் மறித்தாள். "அண்ணே, அது வாயக் காட்டுங்க." ஒருவர், "ஏன் பாப்பா, பல்லு விளக்கிருச்சான்னு பாக்கப்போறியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் காட்டினார்கள். வாயை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். சேலையைத் தூக்கிச் செருகிய ஒரு அக்காள், கூடையிலிருந்து பெரிய விரால் ஒன்றை எடுத்து, "இந்தா, வச்சுக்க. பிள்ள மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள். இவள் அதன் வாயையும் பார்த்துவிட்டு, "இது வேறக்கா" என்று திருப்பிக் கொடுத்தாள். வெயில் ஏறியதும் கூட்டம் கலைந்தது. முள்ளோடு ஒரு மீனும் வரவில்லை. அந்த அக்காள் கால் கழுவிக்கொண்டே சொன்னாள். "அப்ப அது சேத்துக்குள்ள போயிருக்கும்டி. விராலு அப்படித்தான். அடுத்த தண்ணி வர்ற வரைக்கும் உள்ளயே கெடக்கும்." அதைக் கேட்டபோது இவள் முகம் தெளிந்தது. கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் முடிச்சுதான். உத்தரத்து வளையத்தில் நரம்பைக் கட்டி, ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். முடிச்சு அவிழ்ந்து வாளி விழுந்தது. வாரத்துக்கு ஒருநாள் குழாயில் தண்ணீர் வருகிற ஊர். நாத்தனார் வந்து கத்தினார். தண்ணீரை விட்டுவிட்டு அம்மிக் குழவியைக் கட்டினாள். அது விழுந்து தரை பெயர்ந்தது. பெயர்ந்த இடம் இப்போதும் இருக்கிறது. யாரையும் கேட்கவில்லை. சுற்றினாள், வளையத்துக்குள் விட்டாள், பல்லால் இழுத்தாள், அவிழ்ந்தது, மறுபடி சுற்றினாள். ஒருநாள் நாங்கள் வேலை முடிந்து வந்தபோது குழவி தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார். "நிக்குது" என்றார்.

போன வருசம் மழை இல்லை. கண்மாயில் கருவேலம் மறுபடி ஆள் உயரம் எழுந்துவிட்டது. சின்னவள் இப்போது ஏழாம் வகுப்பு. கால் நீண்டுவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது. முந்தாநாள் ராத்திரியும் நேற்றும் மழை பிடித்துப் பெய்தது. கண்மாய் நிறையவில்லை. மடைப் பள்ளத்தில் மட்டும் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்று பால்காரர் சொல்லிப் போனார். காலையில் எழுந்து பார்த்தால் அவள் வாசலில் உட்கார்ந்து முள்ளைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நாத்தனார் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று பார்த்தார். "இப்பத்தான்டி மழையே பேஞ்சிருக்கு. இந்தத் தண்ணிக்குள்ள மீனு எங்கேருந்து வரும்?"

"வர வேண்டாம் அத்தை. உள்ளதான் இருக்கு" என்றாள்.

ஒரு மீன் இரண்டு கோடை சேற்றுக்குள் கிடக்குமா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு நான் வரவில்லை என்று தறிக்கூடத்தில் சொல்லும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அவளோடு நடந்தேன்.