தண்ணீர் போன வழி

போன வாரம் என் மகனுடைய பழைய லாரி தென்காசியில் சூடாகி நின்றுவிட்டது. மெக்கானிக் அடியில் அட்டையை விரித்துப் போட்டு, பச்சையாக எங்கே சொட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஊற்றுகிற கூலன்ட் பச்சை நிறம், ஒழுகினால் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் காலத்தில் வெறும் தண்ணீர். அது போன வழியைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். ஒரு முறை அப்படிக் கண்டுபிடித்த ஆள் நான்தான். இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள், ஆனால் லாரி விஷயத்தில் என்னிடம் யாரும் கதை விட முடியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவிடம் ஒரு கிழட்டு லாரி இருந்தது. வைக்கோல் ஏற்றிக்கொண்டு மலை தாண்டிப் போய் வருவார். அன்று அதில் ஏறியது அத்தையின் கல்யாணம். அத்தை, அப்பாவுக்குக் கடைசித் தங்கை. மாப்பிள்ளை வீடு புளியறை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம். மறுநாள் காலை முகூர்த்தம். முதல் நாள் விளக்கு வைப்பதற்குள் பெண் அவர்கள் வாசலில் இறங்கிவிட வேண்டும், தவறினால் சகுனப் பிழை, சம்பந்தமே வேண்டாம் என்று அந்த வீட்டுப் பெரியவர் கறாராகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம், நாற்பதைத் தாண்டியவர் என்று பெண்கள் குரலைத் தணித்துப் பேசினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வீட்டில் ரேடியோ இருந்தது என்பதுதான்.

மதியம் இலத்தூரில் கிளம்பினோம். பின்னால் பாத்திரங்களும் சொந்தக்காரர்களும். முன்னால் அப்பா, அம்மா, அத்தை, அம்மா மடியில் நான். சாரல் காலம். ரோடெல்லாம் நனைந்து கிடந்தது.

செங்கோட்டையில் பூ வாங்க நின்றோம். அங்கிருந்து கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, பானட்டிலிருந்து ஆவி சீறியது. அப்பா ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். பாதித் தண்ணீர் இல்லை.

"காலையில கழுத்து முட்ட ஊத்தியாச்சே, எங்கனட்டி போச்சு?" என்று அத்தையைத்தான் கேட்டார். தினமும் அந்த வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், மாதம் ஒரு முறை துருத்தண்ணீரை வடித்துவிடுவதும் அவள்தான்.

"எனக்கென்னண்ணே தெரியும்? வயசான வண்டி, குடிக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

வழியில் ஒரு பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட நின்றோம். மறுபடியும் சூடு. முக்கி முனகிப் புளியறைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். ஹோஸைத் தடவினார், வாட்டர் பம்பைத் தடவினார், ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார்.

"தண்ணி கலந்திருந்தா ஆயிலு மோர் மாதிரி வெளுத்திருக்கும். இது கருப்பாத்தான் இருக்கு. லீக்கே இல்ல அண்ணாச்சி. பேய்தான் பிடிச்சிருக்கு."

"ஏலே, பேய் ரத்தம்லா குடிக்கும். தண்ணியவா குடிக்கும்?" என்றார் அப்பா. ஆனால் சிரிக்கவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணுக்குத் தெரியாத பொத்தல் ஏதாவது இருந்தால் அடைக்கட்டும் என்று மெக்கானிக் மஞ்சள்தூள் கேட்டார். சீர்த் தட்டிலிருந்தே அம்மா ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். அதைக் கரைத்து, இன்ஜினை ஓடவிட்டு, வாய் வரை நிரப்பினார்கள். ஒரு சொட்டுகூட விழவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போகுமுன் அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீதான் சின்ன உருவம். அடியில படுத்துப் பாரு. மஞ்சளா என்ன விழுந்தாலும் சொல்லணும், என்னட்டி?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாக்கை விரித்து, சக்கரங்களுக்கு நடுவில் மல்லாந்து படுத்து, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொட்டு விழவில்லை. ஒரு கை வந்தது.

பம்பருக்கு அடியிலிருந்து நீண்டது. புது வளையல்கள். உள்ளங்கையிலும் விரல்களிலும் மருதாணி. தேட வேண்டிய அவசியமே இல்லாதது போல நேராக ரேடியேட்டர் அடியில் தண்ணீர் வடிக்கிற திருகைப் பிடித்துத் திருகியது. கொதிக்கிற மஞ்சள் தண்ணீர் பீறிட்டு அந்தக் கையின் மேலேயே கொட்டியது. ஆவி பறந்தது. கை உதறவில்லை, விலகவில்லை. வளையல்கள் மட்டும் நடுங்கின.

பிறகு வந்தது பாருங்கள் என்னிடமிருந்து ஒரு கத்தல்:

"யப்பா! கண்டுபிடிச்சுட்டேன்! அத்தைதான் தொறந்து விடுதா!"

அப்பா கையில் டீ கிளாஸோடு ஓடி வந்தார். தரையில் தேங்கிய மஞ்சளைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஸ்பானரை எடுத்து, இனி வெறுங்கையால் யாரும் திறக்க முடியாதபடி அந்தத் திருகை இறுக்கினார். இறுக்கி முடித்தும் கொஞ்ச நேரம் அடியிலேயே குனிந்திருந்தார். "திருகு லூசா இருந்திருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று மெக்கானிக்கிடம் சொன்னார். எனக்கு ஒரு பொட்டலம் நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தார். அதைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுபடி தண்ணீர் நிரப்பிக் கிளம்பிய பிறகு லாரி மலையில் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. அத்தை கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். ஆரியங்காவு வந்தபோது என் காதருகே குனிந்தாள்.

"ஏட்டி, செத்த நேரம் கண்ண மூடிக்கிட்டிருக்கக் கூடாதா?"

"கண்ண மூடினா எப்படி அத்தை கண்டுபிடிக்க?" என்று கேட்டுவிட்டு நான் சிரித்தேன். சிப்ஸை அவளுக்கும் நீட்டினேன். அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கையிலேயே போய் இறங்கினோம். அந்த வீட்டுப் பெண்கள் அத்தையைச் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்துப் பார்த்தார்கள்.

"யம்மா, கை என்னமாச் செவந்திருக்கு! இவ புருசன் இவ மேல உயிரையே வைப்பான்."

காலையில் இலத்தூரில் அது வெறும் ஆரஞ்சு நிறம்தான். மருதாணி நேரம் ஆக ஆகச் சிவக்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"எங்க வீட்டு மரத்து மருதாணியாக்கும்" என்றேன்.

அவர்கள் அந்தக் கையை மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தார்கள். அத்தை இழுத்துக்கொள்ளவே இல்லை.