இடம் வலம் தவறாதவர்

அவர் சட்டைப்பையில் எப்போதும், எக்ஸ்ரே படத்தில் பக்கம் காட்டும் இரண்டு ஈயத் துண்டுகள் இருக்கும். ஒன்று இடப்பக்கத்துக்கான எழுத்து, மற்றது வலப்பக்கத்துக்கானது. எக்ஸ்ரே எடுக்க வந்தவரைப் பலகைமுன் நிறுத்தியதும், உரிய எழுத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார். பிறகு தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்ச நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க..." என்பார். சொன்னவர் தானும் பிடித்துக்கொள்வார். "விடலாம்" என்னும்போது இரண்டு பேருமாக விடுவார்கள். ஒரு நாளைக்கு எண்பது பேர் வந்தால் எண்பது தடவை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'மூச்சுப்பிடி' என்று பெயர். "மூச்சுப்பிடி எங்கே?" என்று டாக்டர் கேட்டால், "கேன்டீன்ல விட்டுக்கிட்டு இருக்காரு" என்பாள் நர்ஸ். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முப்பது வருஷத்தில் ஒரு படத்தில்கூட இடம் வலம் மாறியதில்லை என்பதில் மட்டும் சின்னதாக ஒரு கர்வம் உண்டு. மற்றபடி வாயில்லாப் பூச்சி.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் அவளுடைய இடது கடைவாயில் தானாக வழிந்தது. பாதி முகம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மருந்தில் முக்கால்வாசி சரியாயிற்று. மிச்சம் அப்படியே நின்றுவிட்டது. சிரித்தால் வலப்பக்கம் முந்திக்கொள்ளும், இடப்பக்கம் யோசித்து நிற்கும். அந்த வருஷம் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணாடியில இருக்கறது நான். இது யாரோ" என்று கவிழ்த்து வைத்தாள்.

அதோடு சரி. யாராவது செல்போனைத் தூக்கினாலே அவளுக்கு உள்ளே ஏதோ வேலை வந்துவிடும். மகளின் கல்யாண ஆல்பத்தில் பெற்ற தாய் ஒரு பக்கத்தில் முதுகாகவும் இன்னொரு பக்கத்தில் முழங்கையாகவும் இருக்கிறாள். மகள் புருஷனோடு வெளியூர் போன பிறகு, ஓய்ந்த பொழுதுகளில் அவர் அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு முகம். அவளே 'நான்தான்' என்று ஒப்புக்கொள்கிற ஒரு முகம்.

பழைய சாமான் கடையில் அந்தக் கேமரா, ஓடாத மின்விசிறிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. கறுப்புப் பெட்டி, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேல்மூடியைத் திறந்து, மார்புக்கு நேரே பிடித்து, குனிந்து பார்க்க வேண்டும்.

"அகல ஃபிலிம் சார். சுருளுக்குப் பன்னெண்டே படம். போன்ல மாதிரி ஐநூறு தட்ட முடியாது" என்றார் கடைக்காரர்.

அவர் பின்கதவைத் திறந்து, லென்ஸை வெளிச்சத்துக்குக் காட்டி, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். ஷட்டரை ஒரு நொடிக்குத் திருப்பி அழுத்தினார். அது திறந்து மூடுகிறவரை மூச்சு விடவில்லை.

"சார், வாங்கிட்டாவது உயிர விடுங்க."

குனிந்து உள்ளே பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் இடப்பக்கம் போன சைக்கிள், கண்ணாடிச் சதுரத்தில் வலப்பக்கம் போனது.

"இடம் வலம் மாறித் தெரியுதே!"

"உள்ள கண்ணாடி இருக்கு சார். கண்ணாடின்னா அப்படித்தானே? படம் சரியாத்தான் விழும்."

கண்ணாடின்னா அப்படித்தானே. அதற்குமேல் அவர் பேரம்கூடப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாற்காலியைச் சதுரத்துக்குள் பிடிக்க முயன்றார். இவர் இப்படித் திரும்பினால் அது அப்படி நழுவிற்று. மெஷினில் உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பட்டன் விஷயத்தில் அவள் கண் பொல்லாதது. பக்கத்து வீட்டுக்காரி வாங்கி வந்த சட்டையை வாசலில் பார்த்தே, "அது ஆம்பளச் சட்டைடி, பட்டன் எந்தப் பக்கம் இருக்கு பாரு" என்று திருப்பி அனுப்பியவள்.

"படம் எடுக்கறீங்களா, பல்லி வெரட்டறீங்களா?"

"பழகிட்டு இருக்கேன்."

குழாய், செருப்பு, ஜன்னல், எட்டுத் தடவை நாற்காலி என்று பதினொன்று தீர்ந்தது.

"ஒண்ணு மிச்சம் இருக்கும்மா."

"நாற்காலியவே எடுங்க. அதுதான் எழுந்து ஓடாது."

அவர் அவள் பக்கம் திரும்பிக் குனிந்தார்.

"என்ன தெரியுது அதுல?"

"நீ. கண்ணாடியில தெரியற மாதிரி."

மெஷின் நின்றது.

"எதிர்ல நின்னு மொறைச்சாத்தாங்க எனக்கு ஆகாது" என்றாள். "நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டுல்ல நிக்கறீங்க. கட்டிக்கிட்டு வந்ததுக்கு இன்னைக்காவது குனிஞ்சீங்களே!"

தானே தைத்த பச்சைச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"மூச்ச நல்லா இழு... அப்படியே பிடி" என்றார். வாய் பழக்கம்.

அவளும் பிடித்தாள். சதுரத்தில் அவள் ஓரமாக நழுவினாள். அவர் இப்படித் திரும்பினார், அவள் இன்னும் நழுவினாள். அப்படித் திரும்பினார். இந்தத் தடுமாற்றத்தில் 'விடலாம்' என்று சொல்ல மறந்தே போனார். தானும் விடவில்லை. கன்னம் உப்பி, கண் பிதுங்க நின்றவள் தாங்க முடியாமல் வெடித்துச் சிரித்தாள். "விடச் சொல்லுங்களேன், உயிர் போகுது!"

அவர் விரல் அழுத்திற்று.

ஃபிலிம் கழுவும் கடையில் கிடைத்த படத்தில் சிரிப்பு அப்படியே விழுந்திருந்தது. ஆனால் யோசித்து நின்ற கடைவாய், அவர் குனிந்து பார்த்த பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கம். உலகத்துக்கு இதுதான் சரி. அவளுக்கு இது யாரோ.

நெகட்டிவை இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நெகட்டிவத் திருப்பிப் போட்டு ஒண்ணு எடுக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"தப்பாயிடுமே சார். இடம் வலம் மாறிடும்" என்றாள் கடைப்பெண்.

பைக்குள் ஈய எழுத்துகளைக் கட்டைவிரல் தடவிக்கொண்டிருந்தது. "மாறட்டும்" என்றார்.

வீட்டில் அவள் படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண்ணாடியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். படத்தில் மார்புப் பக்கத்தை விரலால் ஒருமுறை தடவினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்" என்றாள். மெஷினுக்கு மேலே தானே ஆணி அடித்து மாட்டினாள்.

திருப்பிப் போட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஆறு மாதம் கழித்து போன் செய்தபோது, தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றாள்.

"இந்தத் தடவையாவது சரியான பக்கம் வெச்சுப் போடச் சொல்லுங்கப்பா."

"சரியான பக்கமா? என்ன சொல்ற?"

"ஐயோ, உளறிட்டேன். அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க" என்று மகள் குரலைத் தாழ்த்தினாள். படத்தைக் கையில் வாங்கியபோதே அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்றாம். பச்சைச் சட்டையில் பட்டன், ஆம்பளச் சட்டை மாதிரி பக்கம் மாறி இருந்ததாம்.

"'ஆயுசு பூரா இடம் வலம் தவறாத மனுஷன், என் படத்துல போய்த் தவறிட்டாரு. தெரிஞ்சா அவருக்குச் சோறு எறங்காது, நீ வாயத் தெறக்காதே'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்கப்பா."