கரண்டியோடு ஒரு டாக்டர்

முன்னால் ஒரு நாய். அதன் பின்னால், குனிந்தபடி, நீளக் காம்புக் கரண்டியோடு டாக்டர் வத்சலா. நாய் காலைத் தூக்கியதும் கரண்டி சத்தமில்லாமல் அடியில் நீளும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைத்தான் பிடிப்பார். கல்கத்தாவின் பாலிகஞ்ச் சந்துக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தான் வாயைப் பிளப்பார்கள்.

மூத்திரக் கோளாறு என்று வரும் நாயை அவர் எடுத்த எடுப்பில் மேசையில் ஏற்றுவதில்லை. சந்தில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். சொட்டுகிறதா, பீய்ச்சுகிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா? பிடித்ததை வெளிச்சத்தில் காட்டி, மோந்தும் பார்த்துவிட்டுத்தான் பரிசோதனைக்கு அனுப்புவார். யாராவது முகம் சுளித்தால் அவருக்குப் பரம திருப்தி. "ஆத்துக் கொழந்தைக்குன்னா பாக்க மாட்டேளா?" என்பார். முழங்கால் வலி படுத்துகிறது. குனிவதை மட்டும் விடவில்லை.

போன வாரம் மஹாதேவன் வந்தார். பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் பேத்திகளெல்லாம் வங்காளப் பேச்சுக்கு மாறிவிட்ட வீட்டில், அவர் தமிழை உட்கார்ந்து கேட்கும் ஒரே ஜீவன் மிட்டு என்கிற வெள்ளை ஸ்பிட்ஸ். நேற்றிலிருந்து முக்குகிறது, மலச்சிக்கல்தான் என்று விளக்கெண்ணெய் கொடுத்தேன் என்றார். குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தாலும் அவர் கை அந்தப் பாட்டிலுக்குத்தான் போகும்.

சந்தில் மிட்டு காலைத் தூக்கியது. தூக்கியபடியே நின்றது. ஒரு சொட்டு இல்லை. வத்சலா கரண்டியைப் போட்டுவிட்டு வயிற்றைத் தொட்டார். மத்தளம் போல விறைத்திருந்தது.

"மாமா, இது மலச்சிக்கல் இல்ல. மூத்திரம் போற வழியைக் கல்லு அடைச்சிண்டிருக்கு. விட்டா மூத்திரப் பை வெடிச்சுடும்."

"நான்தான் கெடுத்துட்டேனாம்மா?"

"அழறதெல்லாம் அப்பறம். தலையைப் பிடிச்சுக்கோங்கோ."

உள்ளே மேசையில் கிடத்தி, மயக்க ஊசி போட்டு, மூத்திரம் வரும் வழியில் குழாயைச் செலுத்தினார். பாதியில் முட்டி நின்றது. அதைவிட மெல்லிய குழாயும் அங்கேயே முட்டியது. வத்சலாவுக்கும் பயம்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சாயங்கால நெரிசலில் டாக்ஸி ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் பை தாங்காது. ஊசிக்குழலில் உப்புநீரை நிரப்பி, கல்லைப் பைக்குள்ளேயே திருப்பித் தள்ளப் பார்த்தார். நீர் வழிந்ததே தவிரக் கல் அசையவில்லை. மறுபடி நிரப்பினார், மறுபடியும். ஊசிக்குழலை அழுத்திய கட்டைவிரல் வெளுத்துப் போயிற்று.

"நீ நகர மாட்டேன்னா நானும் விட மாட்டேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கல்லிடமே சொன்னார்.

சட்டென்று குழாய் உள்ளே வழுக்கிப் போயிற்று. ரத்தம் கலந்த மூத்திரம் தட்டைத் தாண்டிப் பீறிட்டு அவர் புடவையை நனைத்தது. விலகினால் குழாய் நழுவிவிடும், அவர் விலகவில்லை. நாளைக்குப் படம் எடுத்துப் பார்த்து, அறுத்துக் கல்லை எடுத்துவிடலாம் என்றார். மஹாதேவன் காதில் எதுவும் விழவில்லை. நாயின் தலையைப் பிடித்த பிடியை அவர் இன்னும் தளர்த்தவில்லை.

வத்சலா ஒரு கையால் குழாயைப் பிடித்தபடி, மறு கையால் அவர் கையை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டிருந்த அந்த வயிற்றின்மேல் வைத்தார்.